நெஞ்சுக்கு 14 சதவீதம் என்று போன் சொன்னால்

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் இருக்கும் என் மாமா தேயிலை ஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். வயது 56. போன மாதம் ஹட்டனில் இரத்தம் சோதித்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த, இதயநோய் ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையக் கணிப்பான் ஒன்றைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பையனை விட்டுக் கட்டங்களை எல்லாம் நிரப்பியிருக்கிறார். கடைசியில் திரையில் 14 சதவீதம் என்று பெரிதாக வந்திருக்கிறது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். விடிந்ததும் எனக்குப் போன் எடுத்தார்.

"புள்ள, நெஞ்சுல பதினாலு பங்கு அடைச்சிருச்சாம். ஆபரேசன் பண்ணணுமா?"

அந்த எண்ணுக்கும் அடைப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இரத்தக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் வசதி எந்த இணையப் பக்கத்துக்கும் கிடையாது. மாமாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிடித்தது. நான் டொக்டர் இல்லை, பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறவள். ஆனால் இங்கே மாமாவைக் குழப்பியது வைத்தியம் அல்ல, சதவீதம். தரம் 8 பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கிற அதே சதவீதம். அவரைப் போலப் பயந்துபோய் இருக்கிறவர்களுக்கும், குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கும் மாமாவின் வயது, மாமாவின் பிரஷர், மாமாவின் கொலஸ்ட்ரோல். நூறு பேரும் மாமாவைப் போலவே பீடி குடிக்கிற ஆண்கள். பத்து வருடம் கழித்து அதே நூறு பேரையும் பெயர் கூப்பிட்டு விசாரித்தால், ஏறக்குறைய 14 பேருக்கு இடையில் மாரடைப்போ பாரிசவாதமோ (பக்கவாதம்) வந்திருக்கும். 86 பேருக்கு வந்திருக்காது. 14 சதவீதம் என்பதற்கு இவ்வளவுதான் பொருள். மாமா அந்த 14 பேரில் ஒருவரா, 86 பேரில் ஒருவரா என்பது கணிப்பானுக்குத் தெரியாது. அது கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறதே ஒழிய, ஆளைப் பார்த்துப் பேசவில்லை.

எதை எண்ணுகிறார்கள் என்பதும் ஒவ்வொரு கணிப்பானிலும் வேறுபடும். பழைய ஐரோப்பியக் கணிப்பான் ஒன்று இதயநோயாலும் பாரிசவாதத்தாலும் வரும் சாவை மட்டும்தான் எண்ணியது. அதற்குப் பிறகு 2021இல் வந்த ஸ்கோர்2, பிழைத்துக்கொண்டவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. அமெரிக்க இதய சங்கம் 2023இல் வெளியிட்ட பிரிவென்ட் கணிப்பானில் இதயம் பலவீனமாகிப் போவதும் கணக்கில் வரும். அதனால் ஒரே ஆள் மூன்று பக்கங்களில் தன் விவரங்களைப் போட்டால் மூன்று எண் வரும். அதைப் பார்த்து "எல்லாம் பொய்" என்று விட்டுவிட வேண்டாம். மூன்று பக்கங்களும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன.

இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். 1948இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பெயர் பதிந்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் அவர்களைச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். யாருக்கு எப்போது மாரடைப்பு வருகிறது, வந்தவருக்கு அதற்கு முன் பிரஷர் எவ்வளவு இருந்தது, புகைத்தாரா என்று வருடக்கணக்காக எழுதி வைத்தார்கள். பிரஷரும் கொலஸ்ட்ரோலும் புகையும் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த பல்லாண்டு உழைப்புதான் பெரிய அடித்தளம். பிறகு வந்த கணிப்பான்கள் எல்லாம் ஏறக்குறைய அதே வழியில்தான் நடக்கின்றன: நிறையப் பேரை நெடுங்காலம் கவனி, என்ன நடந்தது என்று எழுது, அதிலிருந்து ஒரு சூத்திரம் செய்.

ஃபிரேமிங்ஹாமில் அன்று பதிவானவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்கள் வாழ்விலிருந்து எடுத்த சூத்திரத்தில் மஸ்கெலியா மலையில் கொழுந்து எடுக்கிற ஒருவரின் விவரத்தைப் போட்டால் வரும் விடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூட்டம் மாறினால் கணக்கும் மாறும்.

அப்படியென்றால் நமக்கு எது பொருந்தும்? என் கருத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆபத்து அட்டவணைதான் முதல் தெரிவு. 2019இல் அதைப் புதுப்பித்தார்கள். 85 ஆய்வுகளில் கவனிக்கப்பட்ட 3,76,177 பேரின் விவரத்திலிருந்து சூத்திரம் செய்து, பிறகு உலகத்தை 21 பிரதேசங்களாகப் பிரித்து, அந்தந்தப் பிரதேசத்தில் இதயநோய் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்பத் திருத்தினார்கள். இங்கேதான் நம் ஆட்கள் தவறுவது. "நாம தெற்காசியாதானே" என்று இந்தியா இருக்கும் அட்டவணையைத் திறந்துவிடுகிறோம். அந்தப் பிரிவினையில் இலங்கை தென்கிழக்காசியாவில் இருக்கிறது, மலேசியா, வியட்நாம், தாய்லாந்து ஆகியவற்றோடு. பட்டியலில் நாட்டின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது.

அந்த அட்டவணை இரண்டு வகையாகக் கிடைக்கும். இரத்தச் சோதனை செய்தவர்களுக்கு ஒன்று: வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, மேல் பிரஷர் (பிரஷரின் இரண்டு எண்களில் பெரியது), நீரிழிவு உண்டா, மொத்தக் கொலஸ்ட்ரோல். சோதனை செய்ய வசதி இல்லாதவர்களுக்கு மற்றொன்று: அதில் நீரிழிவுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் பதிலாக உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணக்கிடும் உடற்திணிவுச் சுட்டி. இந்த இரண்டாவது அட்டவணையை நான் பெரிதாக மதிக்கிறேன். டவுனுக்குப் போய் இரத்தம் கொடுக்க ஒருநாள் பேர் விழாமல், அதாவது அன்றைய சம்பளம் இல்லாமல் போகிற தோட்டத்து ஆட்களுக்கு, ஒரு தராசும் உயரம் அளக்க ஒரு நாடாவும் ஒரு பிரஷர் மெசினும் இருந்தால் போதும் என்பது சின்ன விசயம் இல்லை. ஆனால் நீரிழிவு உள்ளவருக்கு அது ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். சீனி இருப்பது தெரிந்தால் முதல் அட்டவணைக்கே போங்கள். விடை நிறமாக வரும். 5 சதவீதத்துக்குக் கீழ் பச்சை, 10க்குக் கீழ் மஞ்சள், 20க்குக் கீழ் செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு, 30ஐத் தாண்டினால் கடுஞ்சிவப்பு. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே இது.

இங்கிலாந்தின் கியூரிஸ்க்3 கணிப்பானையும் நம்மவர்கள் நிறையப் பேர் பாவிக்கிறார்கள். 25 வயதிலிருந்தே பார்க்கலாம், கேள்விகளும் அதிகம். இனம் எது என்று கேட்கும் இடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசியர், பிற ஆசியர் என்று பிரிவுகள் இருக்கும். மலையகத் தமிழர் எதைத் தொடுவது? பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்தியரா, இலங்கையில் பிறந்தவர்கள் என்பதால் பிற ஆசியரா? அங்கே போய்க் குடியிருப்பவர்களை வைத்துச் செய்த பிரிவு அது, நம் வரலாற்றுக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. இரண்டையும் ஒவ்வொரு தடவை போட்டுப் பார்த்து, இரண்டு விடைக்கும் நடுவில் நாம் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அஞ்சல் குறியீட்டைக் கேட்டால் வெறுமையாக விட்டுவிடலாம், அது இங்கிலாந்துத் தெருக்களுக்கு உரியது.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். அவருடைய 14 எப்படி வந்தது?

பிரஷர் 162 என்று போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தது என்று விசாரித்தேன். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறி, போன கையோடு கதிரையில் உட்கார்ந்து, சுவெட்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே பட்டியைச் சுற்றி எடுத்த எண். வழியில் கடையில் ஒரு பிளேன்டீயும் குடித்திருக்கிறார், பீடியும் பற்ற வைத்திருக்கிறார். தேத்தண்ணி, புகை, ஏற்றம், மூன்றும் சற்று நேரத்துக்குப் பிரஷரைத் தூக்கிவிடும். நம் ஊரின் குளிரும் சரிவும் சேர்ந்து பிரஷர் பார்க்கிற வேலையையே கெடுக்கின்றன.

அந்தச் சனிக்கிழமை வீட்டிலேயே மறுபடி பார்த்தோம். அரை மணித்தியாலமாகத் தேத்தண்ணியும் பீடியும் இல்லை. சலம் கழித்துவிட்டு வந்தார். முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருந்தார். சும்மா இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, அத்தையோடு பேச்சுக் கொடுக்கப் பார்த்தார், வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். பேசினாலும் பிரஷர் ஏறும். சுவெட்டரைக் கழற்றி, சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டாமல் முழுக்க விலக்கி, வெறும் புயத்தில் பட்டியைக் கட்டி, கையை நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி மேசையில் வைத்தோம். 146. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி, 144. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 160 முதல் 179 வரை ஒரு வரி, 140 முதல் 159 வரை அதற்குக் கீழ் வரி. சுவெட்டரைக் கழற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்ததிலேயே மாமா ஒரு வரி இறங்கிவிட்டார். அவர் போட்ட அதே இணைப்பில் 144ஐப் போட்டதும் 14 சதவீதம் 12 ஆனது.

144 நல்ல எண் இல்லை, அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் அது உண்மைக்குக் கிட்டிய எண்.

அடுத்தது கொலஸ்ட்ரோல். நம் நாட்டு ஆய்வுகூட ரிப்போர்ட்டில் பொதுவாக மில்லிகிராம் கணக்கில் 212 என்ற மாதிரி இருக்கும். வெளிநாட்டுக் கணிப்பான்கள் பலதும் மில்லிமோல் கணக்கில் கேட்கும். அப்போது 38.7ஆல் வகுக்க வேண்டும்: 212ஐ வகுத்தால் 5.5. சில பக்கங்களில் அலகை மாற்றும் பொத்தான் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் 212 என்று அடித்தால் "பிழை" என்று சொல்லும், அல்லது கட்டம் அனுமதிக்கிற உச்ச எண்ணுக்குத் தானாகத் தாவிவிடும். கியூரிஸ்க்3 மொத்தக் கொலஸ்ட்ரோலை எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பால் வகுத்த விகிதத்தைக் கேட்கும். மாமாவின் எச்.டி.எல். 38. 212ஐ 38ஆல் வகுத்தால் 5.6. விகிதம் என்பதால் இரண்டும் ஒரே அலகில் இருந்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை.

புகைப்பீர்களா என்ற கேள்விக்குப் பையன் "இல்லை" என்று போட்டிருக்கிறானா என்றும் பார்த்தேன். நல்ல வேளை, உண்மையைத்தான் போட்டிருந்தான். பலர் பீடியைச் சிகரெட்டாக நினைப்பதில்லை, பீடியும் புகைதான். போன மாதம் விட்டவர் "நான் இப்போ குடிக்கிறதில்ல" என்று சொல்லலாம், ஆனால் விட்டு ஒரு வருடம் ஆகாதவரை உலக சுகாதார நிறுவன அட்டவணையில் புகைப்பவராகவே கணக்கிடுவார்கள்.

கணிப்பான் கேட்கிற விசயங்களை விட, அது கேட்காமல் விடுகிற விசயங்களைப் பற்றித்தான் நான் கூடுதலாக யோசிக்கிறேன். வெற்றிலையோடு புகையிலை போட்டுக் குதப்புவதைப் பற்றி இந்தக் கணிப்பான்கள் கேட்பதில்லை. எங்கள் பெரியம்மாமார் பாதிப் பேர் அதில் "புகைக்காதவர்" கட்டத்தில்தான் விழுவார்கள். ஆனால் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் மெல்லும் புகையிலையும் மாரடைப்போடு தொடர்புபட்டே காணப்பட்டது. இலங்கையும் அந்த ஆய்வில் இருந்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவருக்கும் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 என்று அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஆறு வருடம் முந்தி. அதனால்தான் அமெரிக்க வைத்தியர்களின் 2018 வழிகாட்டியில் தெற்காசிய வம்சாவளி என்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக எழுதி வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று கேட்பதில்லை. வந்திருந்தால் அட்டவணை காட்டும் எண்ணைவிட உங்கள் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் பிள்ளை இருந்தபோது பிரஷர் கூடி, கால் வீங்கி, வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தார்களா? அப்போது சீனி கூடியதா? பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டிருப்பீர்கள். அது பின்னாளில் இதயநோய்க்கு வழி திறக்கிற விசயம், இருபது வருடம் கழிந்தாலும் டொக்டரிடம் சொல்ல வேண்டிய விசயம். நான் மேலே சொன்ன கணிப்பான்கள் இதைக் கேட்பதில்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

வயது இந்தக் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 35 வயதுப் பையன் ஒருவன் பீடி குடிப்பான், பிரஷர் 150 இருக்கும், கணிப்பானோ 2 சதவீதம், 3 சதவீதம் என்று சின்ன எண்ணைக் காட்டும். பத்து வருடத்துக்குள் 45 வயதுதானே ஆகும், அந்த வயதில் மாரடைப்பு வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால்தான். அவனுடைய ஆபத்து அதற்குப் பிந்திய வருடங்களில் காத்திருக்கிறது. இதற்காகத்தான் சில பக்கங்கள் "இதய வயது" என்று ஒன்றைச் சொல்கின்றன: 35 வயதுக்காரனிடம் உன் இதயத்துக்கு 50 வயது என்று சொன்னால் அது உறைக்கிறது. பிரிவென்ட் கணிப்பான் 30 முதல் 59 வயதுக்காரர்களுக்கு முப்பது வருடக் கணக்கும் சேர்த்துத் தருகிறது. இளையவர்கள் அதைப் பாருங்கள்.

எண் கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? நான் மாமாவோடு செய்தது இது. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, புகைப்பவர் என்ற கட்டத்தை மட்டும் மாற்றினேன். எண் இறங்கியது. அதைத் திருப்பி வைத்துவிட்டுப் பிரஷரை 130 ஆக்கினேன். அதுவும் இறங்கியது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் இன்னும் இறங்கியது. மாமா போனைக் கையில் வாங்கி அவரே இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். பீடியை விட்ட மறுநாளே அந்த எண்ணுக்கு வந்துவிடுவோம் என்று இல்லை, அது காலமெல்லாம் புகைக்காதவருக்கும் புகைப்பவருக்கும் இடையில் உள்ள தூரம். ஆனால் விட்டு ஒரு வருடத்தில் புகையால் வந்த கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி குறையும்.

மருந்தைப் பற்றியும் இதே கணக்கில் பேசலாம். மேல் பிரஷரை 10 குறைத்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆபத்து 20 சதவீதமாக இருக்கிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 20 என்பது 16 ஆகிறது, பெரட்டில் நின்ற நூறு பேரில் நாலு பேர் தப்பிக்கிறார்கள். 5 சதவீதம் இருக்கிறவருக்கு 5 என்பது 4 ஆகிறது, ஒருவர் தப்பிக்கிறார். மருந்து ஒன்றே, பங்கும் ஒன்றே, தப்பிக்கும் தலைகள் வேறு. ஒருவருக்குக் குளிசை தந்து இன்னொருவருக்கு "முதல்ல உப்பைக் குறைங்க" என்று டொக்டர் சொல்வதன் பின்னால் இந்தக் கழித்தல் கணக்கும் இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து மருந்து என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. கொலஸ்ட்ரோல் குளிசையை இங்கிலாந்தில் 10 சதவீதத்திலிருந்து பேசத் தொடங்குவார்கள். ஒரு நாட்டுக் கணிப்பானின் எண்ணை இன்னொரு நாட்டின் எல்லைக்கோட்டில் வைத்துப் பார்த்து, பார்மசியில் நீங்களாகக் குளிசை வாங்கிவிடாதீர்கள்.

இந்தக் கணிப்பான்களைத் தொடவே கூடாதவர்களும் உண்டு. ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், ஸ்டென்ட் போட்டவர், பைபாஸ் செய்தவர்: அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது முடிந்த முடிவு, கிளினிக்கில் சொன்ன மருந்தைத் தொடர்வதுதான் வேலை. அடுத்தது, இப்போது நெஞ்சு வலிக்கிறவர். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி, இடது கைக்கோ தாடைக்கோ இறங்குகிற வலி, குளிரிலும் வேர்வை, மூச்சு வாங்குவது. நம் தோட்டத்து லய வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் "கேஸ் புடிச்சிருக்கு" என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வாந்தியாகவும் கூட வரலாம். அந்த நேரம் போனில் அடிக்க வேண்டிய எண் 1990 ஒன்றுதான். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. தோட்டத்துப் பாதையில் வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இலவசமாக முறையாகப் பார்க்கவும் வழி இருக்கிறது. 2011 முதல் சுகாதார அமைச்சு ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்ற பெயரில் அரச வைத்தியசாலைகளில் நிலையங்கள் நடத்துகிறது. 35 வயது தாண்டியவர்கள் நோய் எதுவும் இல்லாமலே போகலாம். உயரம், நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்த்து, இதய ஆபத்தையும் கணித்துச் சொல்வார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று பக்கத்து வைத்தியசாலையிலோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கணக்குப் போட வயதும் பிரஷரும் வேண்டும், அடையாள அட்டை இலக்கமும் போன் நம்பரும் வேண்டியதே இல்லை. அவற்றைக் கேட்கிற பக்கத்தை மூடிவிடுங்கள்.

மாமாவுக்கு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். மேலே திகதி. 146, 144 என்று இரண்டு பிரஷர் எண்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதோடு. மொத்தக் கொலஸ்ட்ரோல் 212, எச்.டி.எல். 38. பீடி ஒருநாளைக்கு எட்டு. அவருடைய அண்ணனுக்கு 51 வயதில் மாரடைப்பு. கடைசி வரியில்தான் 12 சதவீதம், எந்தக் கணிப்பானில் பார்த்தது என்ற பெயரோடு. ஒரு கிழமை காலையும் மாலையும் பிரஷர் பார்த்து அதே தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போகும்போது அத்தையும் கூடப் போகிறார். சுவெட்டருக்குள் அரைக்கைச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.